எரிந்தால் போதுமா, தெரிய வேண்டாமா?

கடந்த ஐப்பசி மாதத்தில் ஒரு நாள், இரவு ஏழரை மணியளவில், திருநெல்வேலியிலிருந்து ஊர் திரும்பிக்கொண்டிருந்தேன். மழை ஓய்ந்து சாலை ஈரமாகக் கிடந்தது. பனவடலிசத்திரத்தைக் கடந்து மேலநீலிதநல்லூரை நெருங்கும்போது, எதிரே வந்த வேனின் வெள்ளை வெளிச்சம் கண்ணைக் கூசச் செய்தது. வேன் கடந்த மறுநொடி, எனக்கு முன்னால் இருபது மீட்டர்கூட இல்லாத தொலைவில், புல்லுக்கட்டு ஏற்றிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு சாலையின் இடது ஓரமாக ஒருவர் நடந்துகொண்டிருப்பது தெரிந்தது. ஸ்டீயரிங்கை வலப்பக்கம் ஒடித்தேன். கார் அவரை உரசாமல் சற்றுத் தள்ளிப் போய் நின்றது. அந்த நேரத்தில் எதிரே இன்னொரு வண்டி வராமல் போனதற்கு என் சாமர்த்தியம் காரணமில்லை.

இறங்கி ஓடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அந்த மனிதர் திட்டவில்லை; சைக்கிளை நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: “பின்னால வெளிச்சம் வாறது எனக்குத் தெரிஞ்சுதே அண்ணாச்சி, நான் போறது ஒங்களுக்குத் தெரியலையா?”

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்தக் கேள்விதான். ஒரு வாகனத்தின் முகப்பு விளக்குக்கு இரண்டு வேலைகள் உண்டு. வாகனம் வருவதைப் பிறருக்குக் காட்டுவது ஒன்று. பிறர் இருப்பதை ஓட்டுபவருக்குக் காட்டுவது மற்றொன்று. பதினெட்டு ஆண்டுகள் ஓடிய என் காரின் விளக்குகள் முதல் வேலையைக் குறைவின்றிச் செய்துகொண்டிருந்தன. இரண்டாவது வேலையை அவை எப்போது கைவிட்டன என்பது எனக்கே தெரியவில்லை. பல்பு அணைந்தால் உடனே தெரியும். விளக்கு மங்குவதோ ஆண்டுக்கணக்கில் சிறிது சிறிதாக நிகழ்கிறது. கண்ணும் அதற்கேற்பப் பழகிக்கொள்கிறது. போதாக்குறைக்கு, கண்ணுக்கும் வயதாகிறது. அறுபது வயதில் விழித்திரையை எட்டும் ஒளி, இருபது வயதில் எட்டியதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் என்கிறது மருத்துவம். பழைய கார்களைப் பெரும்பாலும் ஓட்டுபவர்கள் என்னைப் போன்ற பழைய ஆட்கள் என்பதையும் இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

விளக்கு ஏன் மங்குகிறது?

மறுநாள் சங்கரன்கோவிலில் ஓர் ஆட்டோ எலக்ட்ரீஷியனிடம் காரைக் கொண்டுபோனேன். பார்த்தவுடன் அவர் சொன்ன தீர்வு: “எல்.இ.டி. போட்டுருவோம் அண்ணாச்சி, பகல் மாதிரி இருக்கும்.” அதைப் பிறகு பார்க்கலாம், இருக்கிற விளக்கு ஏன் மங்கியது என்று முதலில் பாருங்கள் என்றேன். அவர் பொறுமையாகப் பார்த்தார். மூன்று குறைகள் தெரியவந்தன.

முதலாவது, முன்பக்கக் கண்ணாடி. கண்ணாடி என்று நாம் சொல்கிறோமே தவிர, கடந்த முப்பது ஆண்டுகளில் வந்த பெரும்பாலான கார்களில் அது பாலிகார்பனேட் என்னும் பிளாஸ்டிக். எடை குறைவு, எளிதில் உடையாது, விரும்பிய வடிவில் வார்க்கலாம். ஆனால், வெயிலின் புறஊதாக் கதிர்களைத் தாங்குவதற்காக அதன்மேல் பூசப்பட்ட மெல்லிய படலம் தேய்ந்துவிட்டால், பிளாஸ்டிக் மஞ்சளித்துப் புகைபடிந்ததுபோல் ஆகிவிடும். ஆண்டில் பெரும்பகுதி வெயில் காயும் நம் சீமையில் வெட்டவெளியில் நிற்கும் கார்களுக்கு இந்த நிலை விரைவிலேயே வந்துவிடுகிறது. அமெரிக்க வாகன ஓட்டிகள் சங்கமான ஏ.ஏ.ஏ. 2018-இல் வெளியிட்ட ஆய்வின்படி, இவ்வாறு பழுத்துப்போன விளக்குகள் தாழ்ஒளியில் தரும் வெளிச்சம், புதிய விளக்கு தருவதில் 22 விழுக்காடுதான்.

இரண்டாவது, மின்சாரம். எஞ்சின் ஓடும்போது பேட்டரியில் ஏறத்தாழ 14 வோல்ட் இருந்தது. பல்பின் ஹோல்டரில் மீட்டரை வைத்தபோது பன்னிரண்டரையைத் தொடவில்லை. துருவேறிய எர்த் இணைப்பும், கருகத் தொடங்கிய சுவிட்சும் மீதியைத் தின்றுவிட்டன. ஹாலஜன் பல்பில் மின்னழுத்தம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால், வெளிச்சம் அதே அளவில் குறைவதில்லை. ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு போய்விடுகிறது.

மூன்றாவது, கோணம். எப்போதோ ஒரு சிறிய இடிபாட்டில் இடது விளக்கின் பிடிப்பு உடைந்து, விளக்கு கீழ்நோக்கிச் சாய்ந்திருந்தது. சாலை ஓரத்தில் நடப்பவரைக் காட்ட வேண்டிய விளக்கு, பம்பருக்குச் சற்று முன்னால் இருக்கும் தாரை மட்டும் காட்டிக்கொண்டிருந்தது.

மூன்றும் சேர்ந்த ஒரு காரை நான் 60 கி.மீ. வேகத்தில் ஓட்டியிருக்கிறேன். அந்த வேகத்தில் கார் நொடிக்கு ஏறத்தாழ 17 மீட்டர் ஓடுகிறது. ஆபத்தைக் கண்டு பிரேக்கில் கால் வைப்பதற்குள் 25 மீட்டராவது போய்விடும்; பிரேக் பிடித்து நிற்க, காய்ந்த சாலையிலேயே மேலும் 20 மீட்டருக்குமேல் வேண்டும். ஈரச் சாலையில் இன்னும் கூடும். இருபது மீட்டரில் தெரிந்த மனிதரைக் காப்பாற்ற அந்தக் காரின் பிரேக்கால் முடிந்திருக்காது.

சட்டம் கேட்பதும் சோதனை பார்ப்பதும்

சட்டத்தில் குறையில்லை. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகளில் 105-ஆவது விதி, இருட்டில் செல்லும் வாகனத்தின் விளக்கு 155 மீட்டர் தொலைவில் உள்ள மனிதர்களையும் வாகனங்களையும் தெளிவாகக் காட்ட வேண்டும் என்கிறது. அடுத்த விதியான 106, அந்த ஒளி எதிரே வருபவரின் கண்ணைக் கூசச் செய்யாதபடி தாழ்த்தப்பட வேண்டும் என்கிறது. ‘தெரிய வேண்டும், கூசக் கூடாது’ என்ற இரண்டு நிபந்தனைகளும் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏட்டில் இருக்கின்றன.

நடைமுறையில் இதை யார் அளக்கிறார்கள்? சரக்கு வாகனங்களும் பேருந்துகளும் முதல் எட்டு ஆண்டுகள் வரை இரண்டாண்டுக்கு ஒருமுறையும், பிறகு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெற வேண்டும். சொந்தக் காருக்கு அப்படியில்லை. புதிதாகப் பதிவு செய்த கார், பதினைந்து ஆண்டுகள் வரை எந்தச் சோதனைக்கும் போகவேண்டியதில்லை. அதன் பிறகு ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்தல். என் காருக்கு 2022-இல் பதினைந்து முடிந்தது. புதுப்பிக்கச் சென்ற இடத்தில் நண்பகல் வெயிலில் விளக்கைப் போடச் சொன்னார்கள், போட்டேன், அணைக்கச் சொன்னார்கள், அணைத்தேன். ‘எரிகிறது’ என்பதோடு சோதனை முடிந்தது. எவ்வளவு எரிகிறது, எங்கே விழுகிறது என்று பார்க்க அங்கே கருவி இல்லை. தேர்ச்சி பெற்ற அந்த விளக்குகள்தான் மூன்று ஆண்டுகள் கழித்து அந்த மனிதரைக் காட்டத் தவறின.

அந்தச் சோதனைக்கு நான் செலுத்திய கட்டணம் 5,000 ரூபாய். 2022 ஏப்ரலுக்கு முன்பு அது 600 ரூபாயாக இருந்தது. 2025 ஆகஸ்டில் வெளியான அறிவிக்கையின்படி, இருபது ஆண்டுகளைக் கடந்த கார்களுக்கு அது 10,000 ரூபாய். கட்டணம் இத்தனை மடங்கு ஏறியபோது சோதனை எத்தனை மடங்கு மேம்பட்டது என்று கேட்க வாகன உரிமையாளர்களுக்கு உரிமை உண்டு.

இந்தக் கட்டண உயர்வின் நோக்கம் வெளிப்படையானது. 2021 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட பழைய வாகனக் கழிவுக் கொள்கையின் ஒரு பகுதி இது. பழைய வண்டியை வைத்திருப்பதைச் செலவு மிக்கதாக்கி, உரிமையாளர்களைப் புதியதை நோக்கித் தள்ளுவது. டெல்லியில் 2025 ஜூலை முதல் நாள், பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் பதினைந்தாண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் எரிபொருள் தரக் கூடாது என்ற உத்தரவு நடைமுறைக்கு வந்து, எதிர்ப்பு வலுத்ததால் சில நாள்களிலேயே நிறுத்திவைக்கப்பட்டதை நாடே பார்த்தது. பழைய வாகனங்கள் பற்றிய நம் விவாதம் முழுவதும் வயதையும் புகையையும் சுற்றியே நடக்கிறது. புகை முக்கியம்தான். ஆனால், நகரத்துக் காற்றைப் பற்றிய அக்கறையில் பாதியளவாவது கிராமத்துச் சாலையின் இருட்டைப் பற்றியும் இருந்திருக்க வேண்டும்.

மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ஆம் ஆண்டில் நாட்டில் நடந்த 4,61,312 சாலை விபத்துகளில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். அவர்களில் 32,825 பேர் நடந்து சென்றவர்கள். விபத்துகளின் எண்ணிக்கையில், 64,105 விபத்துகளோடு தமிழ்நாடு முதலிடத்தில் இருந்தது. நாளின் எட்டுப் பகுதிகளில் மிக அதிகமான விபத்துகள் நடப்பது மாலை 6 முதல் இரவு 9 மணிவரை. இவற்றுக்கெல்லாம் முகப்பு விளக்கே காரணம் என்று சொல்ல முடியாது. அளவு மீறிய வேகம்தான் முதல் காரணம் என்று அதே அறிக்கை சொல்கிறது. ஆனால், இரவில் எது அளவு மீறிய வேகம் என்பதை முடிவுசெய்வது விளக்குதான். விளக்கு காட்டும் தொலைவுக்குள் நிறுத்த முடியாத எந்த வேகமும், பலகையில் எழுதியிருப்பது எதுவாக இருந்தாலும், அளவு மீறியதே.

வெள்ளை வெளிச்சம் என்னும் குறுக்குவழி

எலக்ட்ரீஷியன் சொன்ன எல்.இ.டி. யோசனைக்கு வருவோம். அவரைக் குறை சொல்ல மாட்டேன். வருபவர்கள் எல்லாரும் அதையே கேட்கிறார்கள். விளக்கு மங்கியது என்று தோன்றியவுடன், ஹாலஜன் பல்பைக் கழற்றிவிட்டு அதே கூட்டில் எல்.இ.டி. பல்பைச் செருகுவது இன்று சிற்றூர்வரை பரவியிருக்கும் வழக்கம். சிலர் 60/55 வாட் பல்பு இருக்க வேண்டிய இடத்தில் 100/90 வாட் பல்பைப் போடுகிறார்கள்.

பழைய கார்களில் பரவலாக உள்ள எச்4 வகை ஹாலஜன் பல்பில் இரண்டு இழைகள் உண்டு. நம் ஓட்டுநர்கள் ‘டிம்’ என்று சொல்லும் தாழ்ஒளி இழைக்குக் கீழே கிண்ணம் போன்ற ஒரு சிறிய உலோகத் தடுப்பு இருக்கும். ஒளி மேலெழுந்து எதிரே வருபவரின் கண்ணில் படாமல் காப்பது அதுதான். இழை இருக்கும் இடத்தை மில்லிமீட்டர் கணக்கில் வைத்தே பின்னால் உள்ள ரிஃப்ளெக்டர் வடிவமைக்கப்படுகிறது. இடப்பக்கம் வண்டி ஓட்டும் நம் நாட்டில், தாழ்ஒளி வலப்பக்கம் தாழ்ந்தும், நடந்து செல்வோரைக் காட்டுவதற்காக இடப்பக்கம் சற்று உயர்ந்தும் விழ வேண்டும். அந்தக் கூட்டில் வேறு வடிவிலான ஒளிமூலத்தைச் செருகும்போது இந்த ஒழுங்கு குலைகிறது. ஒளி நாலாபுறமும் சிதறுகிறது. ஓட்டுபவருக்கு எல்லாம் பளிச்சென்று இருப்பதுபோல் தோன்றும். எதிரே வருபவருக்குச் சில நொடிகள் எதுவுமே தெரியாது. அன்றிரவு என்னைக் கூசச் செய்த வேனில் என்ன பல்பு இருந்தது என்று எனக்குத் தெரியாது. ஆனால், என் விளக்கின் மங்கலும் எதிர் விளக்கின் கூச்சமும் சேர்ந்துதான் நடுவில் நடந்துபோன மனிதரை மறைத்தன. நானும் மறுநாள் எல்.இ.டி. போட்டிருந்தால், அடுத்த மாதம் இன்னொருவருக்கு நான் அந்த வேனாக இருந்திருப்பேன்.

ஒரு காலத்தில் இந்தக் கூச்சத்துக்கு நம் ஊரில் எளிய மருந்து ஒன்று இருந்தது. முகப்பு விளக்கின் நடுவில் கறுப்பு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், அல்லது கறுப்புப் பெயின்டால் ஒரு வட்டம் போடுவார்கள். காவலர்கள் வண்டிகளை நிறுத்தி அதை ஒட்டிவிட்டதும் பலருக்கு நினைவிருக்கும். நோக்கம் நல்லது, வழி பிழை. அதுவும் ஒளியை அளக்காமல் செய்த வைத்தியம்தான்.

விளக்கை மாற்றுவதும் அன்று எளிதாக இருந்தது. அம்பாசிடர் காரின் வட்ட வடிவக் கண்ணாடி விளக்கு எந்த ஊர்க் கடையிலும் கிடைத்தது. அமெரிக்காவில் 1940 முதல் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக எல்லாக் கார்களுக்கும் தரப்படுத்தப்பட்ட அளவுகளிலான விளக்குகள் என்பதே விதியாக இருந்தது. பிறகு ஒவ்வொரு காருக்கும் ஒரு முகம் வேண்டும் என்று ஆனது. விளக்கு காரின் அழகில் ஒரு பகுதியாயிற்று. இன்று விளக்கு பழுதானால் முழுக் கூட்டையும் மாற்ற வேண்டும். உற்பத்தி நின்றுபோன காருக்கு அசல் கூடு கிடைப்பது அரிது. கிடைத்தால் விலை அதிகம். அந்த இடத்தைத்தான் தரம் தெரியாத மாற்றுப் பொருள்கள் நிரப்புகின்றன.

எதைச் செய்யலாம்?

என் காருக்குக் கடைசியில் செய்தது இவ்வளவுதான். எர்த் ஒயரை மாற்றி, சுவிட்சுக்குச் சுமை குறைய ரிலே வைத்தோம். இரண்டு பக்கமும் உரிய வாட் அளவில் புதிய ஹாலஜன் பல்பு போட்டோம். முன்பக்க பிளாஸ்டிக்கைத் தண்ணீர் விட்டு உப்புத்தாளால் படிப்படியாகத் தேய்த்து, மெருகேற்றி, புறஊதாக் கதிரைத் தடுக்கும் பூச்சு பூசினோம். இந்தப் பூச்சு இல்லாமல் மெருகு மட்டும் ஏற்றினால் சில மாதங்களில் மீண்டும் மஞ்சளித்துவிடும். உடைந்த பிடிப்பை ஒட்டவைத்தோம். எல்லாம் சேர்த்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் அடங்கியது. தேய்த்து மெருகேற்றினால் பழைய ஒளியில் ஏறத்தாழ 70 விழுக்காடு திரும்பும் என்கிறது முன்பு சொன்ன அமெரிக்க ஆய்வு. புதிய அசல் கூடு போட்டால் முழுமையாகத் திரும்பும். எனக்கு இப்போதைக்கு இது போதும்.

கோணத்தைச் சரிபார்க்க ஒரு சுவரே போதுமானது. சமதளத்தில், டயர்களில் சரியான காற்றோடு, சுவரிலிருந்து 10 மீட்டர் தள்ளிக் காரை நேராக நிறுத்த வேண்டும். விளக்கின் மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரமோ, அந்த உயரத்தில் சுவரில் ஒரு கோடு இட வேண்டும். தாழ்ஒளியின் மேல் விளிம்பு அந்தக் கோட்டுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. கீழே விழுந்தால் சரி. கோட்டுக்கு மேலே போனால் எதிரே வருபவருக்குக் கூசும். மிகவும் தாழ்ந்தால் நமக்குத் தெரியாது. பின்னிருக்கையில் ஆளும் டிக்கியில் மூட்டையும் ஏறினால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது.

தனிமனிதர்களின் பொறுப்போடு இது முடிந்துவிடாது. பிரிட்டனில் 1960-இல் கட்டாய வாகனச் சோதனை தொடங்கியபோது, பத்தாண்டு கடந்த வண்டிகளில் முதலில் பார்க்கப்பட்டவை பிரேக், ஸ்டீயரிங், விளக்கு ஆகிய மூன்றுதான். இன்று அங்கே மூன்றாண்டு முடிந்த கார்களுக்கு ஆண்டுதோறும் சோதனை. விளக்கு எரிகிறதா என்பதோடு எங்கே விழுகிறது என்பதையும் கருவி வைத்துப் பார்க்கிறார்கள். நம் நாட்டிலும் தானியங்கிப் பரிசோதனை நிலையங்களுக்கான விதிகள் 2021-இல் வந்துவிட்டன. ஒளியின் அளவையும் கோணத்தையும் அளக்கும் கருவி அவற்றில் இடம்பெறுகிறது. அந்தக் கருவி மாநகரங்களோடு நின்றுவிடாமல் சங்கரன்கோவில் போன்ற ஊர்களுக்கும் வர வேண்டும். பெரிய நிலையம் வரும்வரை, விளக்கை அளக்கும் கருவியையாவது ஒவ்வொரு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துக்கும் தரலாம். ஜனவரி மாதத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு நிகழ்ச்சிகளில் ஓட்டுநர்களுக்குக் கண் சோதனை முகாம் நடத்துகிறோம். அதே திடலில் வண்டியின் கண்ணையும் இலவசமாகச் சோதிக்கலாம். கூசும் பல்பைப் போட்டவருக்கு அபராதம் விதிப்பதோடு, தரச்சான்று இல்லாத பல்பைத் தடையின்றி விற்கும் சந்தையையும் கவனிக்க வேண்டும்.

சோதனை கடுமையானால் ஏழைகள்தான் பாதிக்கப்படுவார்கள், அலைச்சலும் கையூட்டும் பெருகும் என்று சிலர் அஞ்சுகிறார்கள். அந்த அச்சம் நியாயமானது. இந்த வட்டாரத்தில் பழைய கார் என்பது ஆடம்பரத்தின் மிச்சமன்று. பிரசவத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் ஆடித்தபசுக்கும் குடும்பத்தையே ஏற்றிச் செல்லும் ஒரே வழி. ஆனால், ஏழைக்குப் பெரிய அநீதி வயதை வைத்துத் தீர்ப்பளிப்பதுதான். வயதை எந்தப் பட்டறையிலும் பழுதுபார்க்க முடியாது. விளக்கைப் பார்க்க முடியும். கருவி காட்டும் எண்ணை அச்சிட்டுக் கையில் கொடுத்தால், அதிகாரியின் விருப்பு வெறுப்புக்கு அங்கே இடம் குறைவு. நன்கு பேணப்பட்ட பழைய காரின் உரிமையாளருக்கு அந்தச் சீட்டே அரண்.

அதைவிட முக்கியமான ஒரு தரப்பு இந்த விவாதத்தில் பேசுவதே இல்லை. மாலையில் காட்டிலிருந்து திரும்புபவர்கள், ஆட்டுக் கிடையை ஓட்டிச் செல்பவர்கள், கல்லூரி விட்டுப் பேருந்துக்கு நடக்கும் மாணவர்கள், விடியுமுன் பூக்கூடையோடு சந்தைக்குப் புறப்படுபவர்கள். அவர்களிடம் கார் இல்லை. பழைய கார், புதிய கார் என்ற வேறுபாடும் அவர்களுக்கு இல்லை. வருகிற வண்டிக்குத் தாங்கள் தெரிவோம் என்ற நம்பிக்கையில்தான் சாலையோரம் நடக்கிறார்கள்.

2027-இல் என் கார் மீண்டும் புதுப்பித்தலுக்குப் போக வேண்டும். கட்டணம் எவ்வளவாக இருந்தாலும் கட்டிவிடுவேன். அன்று விளக்கைப் போடச் சொல்லும் அதிகாரி, அது எரிகிறதா என்று பார்த்ததோடு அனுப்பிவிடாமல், புல்லுக்கட்டோடு நடந்துபோகும் ஒரு மனிதரை அது எவ்வளவு தொலைவில் காட்டும் என்று அளந்து சொன்னால், கட்டிய பணத்துக்கு வருந்த மாட்டேன்.